இடித்த கான்கிரீட் மீண்டும் ஜல்லியாவது எப்படி?

பழைய அடுக்குமாடிக் கட்டடத்தை இடிக்கும்போது லாரி லாரியாக வெளியேறும் கான்கிரீட் எங்கே போகிறது? சிங்கப்பூரில் அது பெரும்பாலும் குப்பைமேட்டுக்குப் போவதில்லை. கட்டுமான இடிபாடுகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு அங்கு மறுபயனீடு செய்யப்படுகிறது.

இதற்குக் காரணம் தட்டுப்பாடு. கான்கிரீட்டின் கன அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணலும் ஜல்லியும்தான். புலாவ் உபினில் கருங்கல் எடுக்கும் பணி 1999இல் முடிவுக்கு வந்தது. 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது கட்டுமானத் துறை திணறியது. குப்பை கொட்டவும் இடம் குறைவு. நாட்டின் ஒரே குப்பை நிரப்பும் தளமான செமக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் எனக் கணிக்கப்படுகிறது.

செய்முறை

வேலை இடிப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கதவு, மரம், கண்ணாடி, மின்கம்பி, உட்கூரைப் பலகை ஆகியவற்றை முதலில் கழற்றிவிட வேண்டும். பிறகு இடித்த கான்கிரீட் துண்டுகளை இயந்திரத்தில் இட்டு நொறுக்குவார்கள். உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். மிஞ்சிய கல்லைச் சலித்து, அளவு வாரியாகப் பிரிப்பார்கள்.

இந்த ஜல்லிக்கு ஒரு குறை உண்டு. பழைய சிமெண்டுக் கலவை அதில் ஒட்டியிருப்பதால், புதுக் கருங்கல்லைவிடப் பல மடங்கு தண்ணீரை அது உறிஞ்சும். அதனால் கலவைக்கு முன் நனைத்துக்கொள்வது வழக்கம். சாலையின் அடித்தளம், நடைபாதைக் கல், வடிகால் போன்றவற்றுக்கு இது நன்கு பொருந்தும். தூண், உத்தரம் போன்ற பாரம் தாங்கும் பகுதிகளில் புதுக் கல்லோடு அளவாகக் கலப்பார்கள். சரிம்புன் மறுபயனீட்டுப் பூங்காவில் சம்வோ நிறுவனம் எழுப்பிய மூன்று மாடிக் கட்டடத்தின் சில பகுதிகளில், ஜல்லி முழுவதுமே பழைய கான்கிரீட்டிலிருந்து கிடைத்தது.

கல்லும் இடமும் இதனால் மிச்சமாகும். சிமெண்டுத் தேவை மட்டும் குறையாது.

மலேசியாவிலும் நம் வீட்டிலும்

மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் கட்டுமானக் கழிவையும் உள்ளடக்குகிறது. ஆனால் எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை. சாலையோரத்திலும் ஆற்றோரத்திலும் இடிபாடுகளைக் கொட்டுவது இன்னும் நிற்கவில்லை.

வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம் கவனிக்க வேண்டியவை:

• குப்பை எங்கே போகும் என்று குத்தகையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

• கான்கிரீட்டையும் செங்கல்லையும் மரம், பிளாஸ்டிக்கோடு கலக்காதீர்கள்.

• ஜிப்சம் பலகையைத் தனியே வையுங்கள். அதிலுள்ள சல்பேட் புதுக் கான்கிரீட்டைக் கெடுக்கும்.

• பழைய தோட்ட வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள் உண்டு. அவற்றை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்றுங்கள்.

கலந்து கொட்டினால் அது வெறும் குப்பை. பிரித்து வைத்தால் அடுத்த சாலைக்கு ஜல்லி.