பெங்களூரில் வேட்டி

ஆண்கள் இடுப்பில் உடுத்தும் தையலற்ற நீண்ட துணி வேட்டி. கன்னடத்தில் இதற்குப் பஞ்சே என்று பெயர். பெங்களூரில் இது இரண்டு விதமாகக் கட்டப்படுகிறது. இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு பக்கமாகச் செருகினால் அட்ட பஞ்சே. தமிழர்களின் வழக்கமான வேட்டிக்கட்டு இதுதான். கொசுவத்தைக் கால்களுக்கு இடையே வாங்கிப் பின்னிடுப்பில் செருகினால் கச்சே பஞ்சே. நம் பஞ்சகச்சத்துக்கு நெருங்கிய உறவு. தோளில் போடும் துண்டைச் சல்யா என்கிறார்கள். நாலு முழமோ எட்டு முழமோ, தறியிலிருந்து அறுத்து எடுத்த நிலையிலேயே உடையாகிவிடுவது இதன் சிறப்பு. துணி, துண்டு, சங்ககாலச் சொல்லான அறுவை எல்லாமே வெட்டி எடுப்பதைக் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தவை. மதுரையில் துணி விற்றுக்கொண்டே பாட்டெழுதிய ஒரு புலவரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றுதான் இலக்கியம் அறிகிறது.

பெங்களூரில் வேட்டியின் வரலாறு பேட்டையில் தொடங்குகிறது. 1537-இல் கெம்பே கௌடர் அமைத்த மண்கோட்டை நகரில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பேட்டை இருந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டான 1800-இல் இந்தப் பகுதி ஊர்களைப் பார்த்துச் சென்ற பிரான்சிஸ் புக்கானன், பெங்களூரின் நெசவாளர் சமூகங்களைத் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். தேவாங்கர்களும் பட்டு நெய்த பட்டவேகார்களும் முரட்டுத் துணி நெய்த மற்றவர்களும் அந்தப் பதிவில் வருகிறார்கள். யார் எந்தத் துணி நெய்தார்கள், அதை யார் வாங்கி உடுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. வணிகர் முதல் உழவர் வரை அன்று பெரும்பாலோர் உடுத்தியது தையலற்ற துணியைத்தான். நூலின் நயமும் கரையின் அகலமுமே அவர்களை வேறுபடுத்தின.

இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, தையலற்ற துணியின் இன்னொரு வம்சத்தார் இதே ஊருக்கு வந்துவிட்டிருந்தார்கள். 1791 மார்ச் 21 இரவு ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தபோது அதில் 71, 72ஆம் எண் கொண்ட ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவுகளும் இருந்தன. அவர்களுடைய நாட்டு உடை கில்ட். அதுவும் ஆதியில் உடம்பைச் சுற்றிக்கொள்ளும் நீண்ட கம்பளித் துணிதான். இடுப்புக்குக் கீழ்ப் பகுதியை மட்டும் தனியாக்கி, பின்புறம் மடிப்பு வைத்துத் தைக்கும் குட்டைக் கில்ட் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இன்றும் ஒரு முழுக் கில்டுக்கு ஏழு மீட்டருக்கு மேல் துணி போகிறது. எட்டு முழ வேட்டியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு!

அந்த உடைக்கு ஒரு தடை வந்தது. ஸ்காட்லாந்தில் 1745-இல் எழுந்த கலகத்தை அடக்கிய பிரிட்டிஷ் அரசு, மலைநாட்டு உடையை அணிவது குற்றம் என்று 1746-இல் சட்டம் போட்டது. 36 ஆண்டுகள் கழித்து, 1782-இல்தான் அது நீங்கியது. அந்தக் காலம் முழுவதும் கில்டை வெளிப்படையாக உடுத்த முடிந்தது அரசின் படையில் சேர்ந்தவர்களுக்கே. பிறகு 1809-இல், ஆள் சேர்வது குறைகிறது என்று காரணம் சொல்லி ஆறு மலைநாட்டுப் படைப்பிரிவுகளிடமிருந்து கில்டை எடுத்துவிட்டார்கள். பெங்களூரைப் பிடித்த 72ஆம் பிரிவும் அவற்றில் ஒன்று. கப்பன் சாலையில் 1866-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த ஊரில் விட்டுச்சென்ற அடையாளம். உடுத்தும் துணியை ஆட்சி எப்படிப் பறிக்கும், எப்படித் திருப்பித் தரும் என்பதற்கு அவர்களுடைய வரலாறும் சாட்சி. வேட்டி எந்தச் சட்டத்தாலும் பறிக்கப்படவில்லை. அதை ஒதுக்கியது வாசல் காவலரின் கண்.

1809-இல் பெங்களூர்த் தண்டு உருவானது. பேட்டையை அடுத்து, அல்சூர் ஏரிப் பக்கமாக ஆங்கிலேயரின் படை முகாமும் அதை நம்பி ஒரு புது ஊரும் எழுந்தன. சிப்பாய்களாக, வியாபாரிகளாக, கொத்தனார்களாக, வீட்டு வேலைக்காரர்களாகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜி நகரிலும் குடியேறினார்கள். பேட்டையின் கச்சே பஞ்சேக்குப் பக்கத்தில் நாலு முழ வேட்டியும் வந்து சேர்ந்தது இப்படித்தான். அதே தண்டில்தான் அலுவலகத்துக்குக் கால்சட்டை, வீட்டுக்கு வேட்டி என்ற பிரிவினையும் வேர்பிடித்தது. இடைப்பட்ட தலைமுறை ஒன்று இரண்டையும் சேர்த்து உடுத்தியது: கீழே கச்சே பஞ்சே, மேலே கழுத்துவரை பொத்தான் வைத்த கோட்டு, தலையில் மைசூர்ப் பேட்டா அல்லது தொப்பி. வீட்டில் தமிழும் எழுத்தில் கன்னடமுமாக வாழ்ந்து 1983-க்கான ஞானபீட விருதைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச அய்யங்காரின் படங்களில் இந்தக் கோலத்தைப் பார்க்கலாம்.

கதர் இயக்கம் இதே உடைக்கு வேறொரு பொருள் தந்தது. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் முழு உடையைத் துறந்தார். 1927-இல் உடல்நலம் தேறுவதற்காக நந்தி மலையிலும் பெங்களூரிலும் மாதக்கணக்கில் தங்கியவர், அந்த ஜூலையில் பெங்களூரில் கதர்க் கண்காட்சி ஒன்றையும் திறந்து வைத்தார். அதற்குப்பின் வெள்ளைக் கதர்ப் பஞ்சே உடுத்துவது எளிமையைத் தானே தேர்ந்துகொண்டதன் அடையாளமாயிற்று.

இந்த எளிமையை வாழ்நாள் முழுக்கக் கைக்கொண்டவர்களில் எச். நரசிம்மையாவை முதலில் சொல்ல வேண்டும். கௌரிபிதனூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் 1920-இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, பசவனகுடி நேஷனல் கல்லூரியில் முதல்வராக இருந்தார். 1970களில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1962-இல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தொடங்கியவரும் அவரே. கதர்ப் பஞ்சே, கதர் ஜிப்பா, தலையில் காந்தி குல்லாய், இவ்வளவுதான் அவர் உடை. குடும்பம் இல்லை, கல்லூரி மாணவர் விடுதியின் ஓர் அறையில் வாழ்ந்து 2005 ஜனவரி 31 அன்று மறைந்தார். அணு இயற்பியல் படித்தவர் ஏன் இப்படி உடுத்துகிறார் என்ற கேள்விக்கே பெங்களூரில் இடமிருக்கவில்லை. அவருடைய பேச்சு அவ்வளவு தெளிவாக இருந்தது, உடையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

திரையில் ராஜாவாகவும் துப்பறியும் வீரனாகவும் வந்த நடிகர் ராஜ்குமார், திரைக்கு வெளியே வெள்ளைப் பஞ்சேயும் வெள்ளைச் சட்டையுமாகவே இருந்தார். இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் காஜனூர்க்காரர் அவர். கர்நாடகத்தின் பெரிய நடிகருக்கு உடுத்தத் தெரியாமலா இருக்கும்? ஊர்க்காரர் ஒருவர் உடுத்துவதை அவரும் உடுத்தினார். கர்நாடகம் அவரைத் தன்னவராகவே பார்த்ததில் அந்த வெள்ளைத் துணிக்கும் பங்கு உண்டு. 1996 ஜூனில் பிரதமர் பொறுப்பேற்ற தேவே கௌடாவும், கர்நாடக முதலமைச்சர் பொறுப்பேற்ற சித்தராமையாவும் இதே வெள்ளையில்தான் பொது வாழ்க்கை முழுவதும் தெரிகிறார்கள்.

சைத்திர மாதத்துப் பௌர்ணமி இரவில் நகரத்பேட்டை தர்மராயர் கோயில் கரகத் திருவிழாவின்போது பழைய வேட்டி நகரம் ஒரே இரவுக்கு மீண்டு வருகிறது. திகளர் சமூகத்து வீரகுமாரர்கள் வெற்று மார்பும் தலைப்பாகையும் இடுப்பில் வேட்டியும் கையில் உருவிய வாளுமாகக் கரகத்தைச் சூழ்ந்து ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கும் கட்டு அவிழாமல் நிற்கும் துணி அது.

நல்ல வேட்டிக்கு அடையாளம் சொல்லவேண்டும். சிக்பேட்டை ஜவுளிக் கடைகளில் பழகிய வாடிக்கையாளர் கரையைப் பார்ப்பதற்கு முன் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பார். இழை எங்கும் ஒரே சீராக இருக்கவேண்டும். அறுபதாம் நம்பர் நூல் உழைக்கும், நூறாம் நம்பர் நூல் மெல்லிசாக உடம்போடு ஒட்டும். கரை விரல் அகலத்துக்கு மேல் போனால் கண் கரைக்குப் போய்விடும், ஆளுக்குப் போகாது. மயில்கண்ணும் அகலச் சரிகையும் கல்யாணத்துக்கு ஆகும். அன்றாடத்துக்குக் கம்பிக்கரையே போதும். அளவான கஞ்சி, கணுக்காலைத் தொட்டு நிற்கும் உயரம், முன்னால் நேராக விழும் ஒரு மடிப்பு ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் வேறு அலங்காரம் வேண்டியதில்லை. ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டிகள் புதியவர்களின் பயத்தைப் போக்கியிருக்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேட்டி வாசலில் தடுக்கப்பட்ட வரலாறும் இதில் சேரும். 2014 ஜூலை 11 அன்று சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பொது இடத்தில் வேட்டிக்குத் தடை போடும் மன்றத்தின் உரிமம் ரத்தாகும். ஓராண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பெங்களூரில் 2024 பிப்ரவரியில், உடை அழுக்காக இருக்கிறது என்று ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில் ஓர் உழவர் நிறுத்தப்பட்டார். தடுத்த மேற்பார்வையாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 16 அன்று ஹாவேரி மாவட்டத்து முதியவர் ஒருவர் மகனோடு சினிமா பார்க்க மாகடி சாலை ஜி.டி. வேர்ல்டு மாலுக்கு வந்தார். வெள்ளைப் பஞ்சேயும் தலைப்பாகையும் உடுத்தியிருந்தார். பஞ்சேயோடு உள்ளே போகக்கூடாது, கால்சட்டை மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்று காவலர்கள் சொன்னார்கள். காணொளி பரவியதும் விவசாயச் சங்கங்களும் கன்னட அமைப்புகளும் வாசலில் திரண்டன. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பெரியவருக்கு மரியாதை செய்தது. ஜூலை 18 அன்று, வணிக வளாகம் ஏழு நாள் மூடப்படும் என்று அமைச்சர் பைரதி சுரேஷ் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

தமிழ்நாட்டில் இருப்பதைப் போன்ற ஒரு சட்டத்தைக் கர்நாடகமும் இயற்றவேண்டும். ஏழு நாள் பூட்டு எட்டாம் நாள் திறந்துவிடும்.