மஞ்சள் காமாலையும் ஒரு கலர் நோட்டும்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் பெரிய ஆஸ்பத்திரிதானே ஞாபகம் வருகிறது? ஒரு கிராமத்து டாக்டர் கதையைக் கேளுங்கள்.

1929. இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு. ஐயாயிரத்துச் சொச்சம் ஜனம். இருநூற்றைம்பது பேருக்கு மஞ்சள் காமாலை. அங்கே குடும்ப டாக்டர் வில் பிக்கில்ஸ். காலையில் அவர் படுக்கையில் பார்த்துவிட்டு வந்த பெண் மதியம் ஊர் விழாவில் நிற்கிறாள்! அங்கே யார் யார் அவளருகே இருந்தார்கள், எப்போது படுத்தார்கள் என்று துருவினார். இப்படியே ஊர் ஊராகக் கோர்த்து, தொற்றியபின் நோய் தலைகாட்ட 26 முதல் 35 நாள் ஆகும் என்று 1930-ல் எழுதினார். நகரத்துப் பேராசிரியரிடம் வருவது நோயாளி மட்டும்தான். இவரிடம் ஊரே இருந்தது.

பிறகு தினசரிக் கணக்கு. மனைவி கெர்ட்டிதான் கட்டம் கட்டமாகக் கலர் அடித்து ஏற்றுவார். (எங்கள் டே புக் மாதிரி. அன்றன்றைக்கு எழுதாவிட்டால் கதை கந்தல்!) 1939-ல் அது புத்தகமாயிற்று.

1960-களில் வேல்ஸின் சுரங்கக் கிராமமான கிளின்கோரக்கில் ஜூலியன் டியூடர் ஹார்ட் ஊர் முழுக்க பிரஷர் பார்த்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அவருக்குத் துணை நின்றது. அங்கேயும் கூட உழைத்தவர் மனைவி மேரி.