ரேசிங் லைன்: ஒரு பாதையின் வரலாறு

கார் பந்தயத்தில் ஒரு வளைவை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் பாதைக்கு ரேசிங் லைன் என்று பெயர். டிராக்கின் வெளி ஓரத்திலிருந்து திரும்பி, உள் ஓரத்தை ஒரு புள்ளியில் உரசி, மறுபடி வெளி ஓரத்துக்கு வந்தால் கார் வரையும் வட்டம் பெரிதாகும். அந்த வட்டத்தின் ஆரம் இரு மடங்கானால், அதே டயர் பிடிமானத்தில் சுமார் 40 சதவீதம் கூடுதல் வேகத்தில் திரும்பலாம். இந்தக் கணக்கை விரிவாக நூலில் எழுதியவர் பியரோ தருஃபி. பொறியியல் படித்த இந்த இத்தாலியர் 1957-இல் மில்லே மிலியா பந்தயத்தை வென்றவர்.

கணக்கு பாதி வழிதான் கொண்டுபோகும். வளைவுக்குப் பின் நீண்ட நேர்ச்சாலை இருந்தால், உள் ஓரத்தைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு முன்னதாகவே ஆக்சிலரேட்டரை மிதிப்பது லாபம். எவ்வளவு முன்னதாக என்பதை டிரைவரின் கால்தான் அறியும்.

1950-களின் ஒல்லியான டயர்கள் வழுக்கியபடியேதான் வேகமாகத் திரும்பின. நான்கு சக்கரங்களும் பக்கவாட்டில் சறுக்க, ஸ்டியரிங்கைவிட ஆக்சிலரேட்டராலேயே காரை வழிநடத்துவது அக்காலக் கலை. 1957 ஆகஸ்டில் நியூர்பர்க்ரிங் டிராக்கில் டிரைவர் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ பாதி டேங்க் பெட்ரோலுடன் புறப்பட்டு, நடுவில் ஒருமுறை நிறுத்தி நிரப்பும் திட்டத்துடன் இறங்கினார். நிறுத்தத்தில் நேரம் வீணாகிப் பின்தங்கியதும், பல வளைவுகளை வழக்கத்துக்கு ஒரு கியர் மேலே வைத்தே எடுத்தார். தகுதிச் சுற்றில் அவருக்கு 9 நிமிடம் 25.6 விநாடி ஆன அதே சுற்று, பந்தயத்தில் 9 நிமிடம் 17.4 விநாடியில் முடிந்தது. முன்னால் ஓடிய இரண்டு ஃபெராரி கார்களையும் முந்தி வென்றார். அப்போது அவருக்கு வயது 46.

1968-இல் ஃபார்முலா 1 கார்களுக்கு இறக்கை வந்தது. 1971-இல் வரியில்லாத அகல டயரும் வந்தது. அதன்பின் சறுக்கல் வெறும் நேர விரயம். எல்லோரும் ஒரே தடத்தில் ஓட, அதில் ரப்பர் படிந்து பிடிமானம் ஏறியது. மழை பெய்தாலோ அதே தடம்தான் அதிகம் வழுக்கும். தேர்ந்த டிரைவர் அதை விட்டு, கரடான ஓரத்தைத் தேடிப் போவார்.

வேகமான கோடே எப்போதும் சிறந்த கோடு என்பதில்லை. 1981 ஜூனில் ஸ்பெயினின் ஹராமா டிராக்கில் கனடாவின் ஜில் வில்நெவ் அதை ஐயமற நிரூபித்தார். அவருடைய டர்போ ஃபெராரி நேர்ச்சாலையில் பாயும், வளைவில் தடுமாறும். ஹராமாவோ வளைவுகள் நிறைந்த குறுகிய டிராக். ஏழாவதாகப் புறப்பட்ட அவர், முன்னணியில் இருந்த ஆலன் ஜோன்ஸ் 14-ஆம் சுற்றில் டிராக்கை விட்டு விலகியதும் முதலிடத்துக்கு வந்தார். அங்கிருந்து 80-ஆம் சுற்று வரை, பின்னால் வருபவர் நுழையக்கூடிய உள்வழியை வளைவுக்கு வளைவு அடைத்தார். வெளியேறும்போது எஞ்சின் பலத்தால் விலகிப் பாய்ந்தார். ஒரு தவறு செய்திருந்தாலும் முதலிடம் போயிருக்கும். அவரைவிட வேகமாகத் திரும்பக்கூடிய லாஃபிட், வாட்சன், ராய்ட்டமான், டி ஆஞ்செலிஸ் நால்வரும் வரிசையாகப் பின்னால் சிக்கினர். ஐந்து கார்களும் 1.24 விநாடிக்குள் இறுதிக் கோட்டைக் கடந்தன.