கவனக்குறைவு மருந்தும் மலைநாட்டுப் பிள்ளையும்

சிறுவரின் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றுக்கு வழங்கப்படும் மருந்துகளின் வரலாறு, விந்தையாக, ஒரு பக்கவிளைவிலேயே தொடங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் 1931இல் திறக்கப்பட்ட எம்மா பென்டில்டன் பிராட்லி இல்லத்தில், நடத்தைக் கோளாறுடைய சிறுவர் தங்கிச் சிகிச்சை பெற்றனர். மூளையைக் கதிர்ப்படம் எடுப்பதற்காக முதுகந்தண்டுத் திரவம் அகற்றப்பட்ட பிள்ளைகள் கடுந்தலைவலியால் வாடினர். அதனைத் தணிக்கும் நோக்குடன் வைத்தியர் சாள்ஸ் பிராட்லி பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதும் தீரவில்லை. ஆயின் பிள்ளைகள் சிலர் பாடத்தில் ஒன்றினர். 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரை 30 சிறுவரை ஆராய்ந்தது. அவருள் 14 பேரின் பள்ளி வேலை வியக்கத்தக்கவாறு திருந்தியிருந்தது.

1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்து இரசாயனவியலாளர் பனிசோன் மெதைல்பெனிடேற்றைத் தொகுத்தார். ரிட்டலின் என்னும் வணிகப்பெயர் அவர் மனைவி மார்கரீற்றாவின் பெயரிலிருந்து பிறந்தது. மருந்து பரவியது, அதனாற் பசி குன்றுவதும் உறக்கம் கெடுவதும் விரைவிற் புலனாயின. மூளையில் டோபமீனின் செயலைக் கூட்டிக் கவனத்தை நிலைநிறுத்தும் அதே பொருள், உணவு வேட்கையையும் அடக்கிவிடுகின்றது.

இவ்விளைவு வளர்ச்சியைத் தொடுமா என்ற வினாவை 1972இல் சேபர், அலன், பார் ஆகிய மூவரும் எழுப்பினர். மருந்துண்ட சிறுவரின் எடையும் உயரமும் எதிர்பார்த்த அளவிற் கூடவில்லை என்பது அவர்தம் முடிபு. கோடை விடுமுறையில் மருந்தை நிறுத்தியோர் விரைந்து வளர்ந்தமை அவர்தம் ஐயத்தை வலுப்படுத்திற்று. பின்னர் நிகழ்ந்த நீண்ட ஆய்வொன்று, மூன்றாண்டு இடையறாது மருந்துண்டோர் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் குட்டையாயிருந்தமையைக் காட்டியது. பெரிய இழப்பன்று எனலாம். யாருடைய பிள்ளைக்கு என்பதைப் பொறுத்தது அது.

வட்டகொடை, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடைப்பட்ட புகையிரத நிலையம். அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளெங்கும் தேயிலைத் தோட்டங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தோட்டத்துறையில் அது 31.7 சதவீதம். ஏற்கெனவே குன்றிய உடலுக்குப் பசியடக்கும் மருந்து செல்லும்போது, அமெரிக்கச் சிறுவனுக்குச் சிறியதாய்த் தோன்றிய இழப்பு இங்கு சிறியதாகாது.

இதற்கு முன்னுதாரணம் மலைநாட்டிலேயே உண்டு. 1916இல் ரொக்பெல்லர் நிதியம் மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. புழு பீடித்த பிள்ளையின் மந்தத்தைச் சோம்பல் என்றே பலர் கருதிவந்தனர். அக்காலத்துப் புழுமருந்தான கீனோபோடிய எண்ணெயோ தலைச்சுற்று, செவிட்டுத்தன்மை, வலிப்பு ஆகியவற்றை விளைக்கவல்லது. மெலிந்த பிள்ளையே அதனால் மிகுதியும் இடருற்றது. உடலை அறியாது அளவை வகுத்தல் ஆகாது என்பது அன்றே தெரிந்த செய்தி.

இன்று வைத்தியர் கூறும் முறை எளிதானதே. சிறிய அளவிற் தொடங்குதல். காலையுணவுக்குப் பின் மருந்து. உறக்கம் கெடாதிருக்கப் பிற்பகலிற் தவிர்த்தல். ஆறு மாதத்துக்கொருமுறையேனும் எடை, உயரம், நாடித்துடிப்பு, குருதியமுக்கம் ஆகியவற்றை அளத்தல். எடை விழுந்தால் வைத்தியரே அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது விடுமுறைக் காலத்தில் நிறுத்திப் பார்ப்பார். பெற்றோர் தாமாக நிறுத்துவது தகாது.

ஆயினும் தோட்டத்து நாட்பொழுது வேறு. தாய் விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்குப் புறப்படுகிறாள். பிள்ளை ரொட்டித் துண்டும் வெறுந்தேநீருமாகப் பள்ளி செல்கிறது. அவ்வேளை மாத்திரையை யார் கொடுப்பது, உண்டபின்தான் கொடுத்தாரா என்பதை யார் அறிவது? மாலையோ சாதகமானது. குறுங்கால மாத்திரையின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிப் பசி மீளும். கொழுந்து நிறுத்துத் தாய் வீடு திரும்பி அடுப்பு மூட்டும் நேரமும் அதுவே. அன்றைய முதன்மை உணவை இரவிலே நிறைவாகக் கொடுக்கலாம். அதனோடு தேநீரைக் கொடாதிருப்பது நன்று. உறக்கத்தை அதுவும் கெடுக்கும், உணவின் இரும்புச்சத்து உடலிற் சேர்வதையும் குறைக்கும். பிறந்தநாள் தொட்டு எடை குறிக்கப்பட்ட சுகாதாரப் பதிவேடு பல லயன் வீடுகளிற் பெட்டியடியிற் கிடக்கின்றது. முதன்மாத்திரைக்கு முன் வைத்தியர் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டியது அதனையே.