போருக்குப் பின் மலாயா: கேமரன் மலைத் தோட்டங்களின் வரலாற்றுப் பின்புலம்

படையெடுத்தோர் திரும்பிப் போவர். அவர் விதைத்த பகை போவதில்லை. மலாயா நாட்டு வரலாறு இதற்குச் சான்று.

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது கேமரன் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மலையில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து கிள்ளவும் லயங்களில் குடியிருக்கவும் தமிழ்த் தொழிலாளர் வந்தனர்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வென்றவர் எல்லா இனத்தாரையும் ஒரு கண்கொண்டு நோக்கினாரல்லர். சீனரைப் பல்லாயிரவராகக் கொன்றனர். மலாய்க்காரரைக் காவற்படையில் வைத்து அச்சீனர்மேல் ஏவினர். இந்தியருக்கு இந்தியாவின் விடுதலையைக் காட்டி ஆதரவு தேடினர். ஆயினும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு சென்றவரும் அவர்களே. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் பசியும் கொண்டவர் போக, எஞ்சியோரே ஊர் திரும்பினர்.

1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் பணிந்தது. பிரிட்டிஷார் செப்டம்பரில் மீளும்வரை பல ஊர்களில் ஆட்சியென்பதே இல்லை. பெரும்பாலும் சீனரைக் கொண்ட ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காட்டினின்று வெளிவந்து, பகைவருக்குத் துணை நின்றோரெனப் பலரைத் தண்டித்தனர். மலாய்க் கிராமங்கள் திருப்பித் தாக்கின. 1945 நவம்பரில் நெகிரி செம்பிலானின் பத்து கீகிரிலும், 1946 பிப்ரவரியில் பகாங்கின் பத்து மாலிமிலும் இரத்தம் சிந்தியது. வெளியார் ஊட்டிய ஐயம் அண்டை வீட்டாரைப் பகைவராக்கிற்று.

அப்படையின் பழைய வீரர் பலர் 1948-இல் மீண்டும் காடேகினர். அவ்வாண்டு ஜூனில் அவசரகாலம் பிறந்தது. காட்டையொட்டிய தோட்டங்களில் தொழிலாளிக்கு இரவில் ஒரு துப்பாக்கி, பகலில் மற்றொன்று. தோட்டங்கள் பலவற்றில் லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன. அரிசிக்கும் கட்டுப்பாடு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது.

இவ்விழப்பின் நிழலைக் குடிக்கணக்கிலும் காணலாம். சிங்கப்பூரும் சேர்ந்த மலாயாவில் 1931-இல் 6 இலட்சத்தைக் கடந்திருந்த இந்தியர் தொகை, 1947-இல் 6 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிற்று. தாயகம் திரும்பியோரும் இக்குறைவில் அடங்குவர். ஆனால் மடிந்தோர் பங்கு சிறிதன்று. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டு வீரர் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் மாண்ட தோட்டத் தமிழருக்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை. மலைக்குக் கேமரன் பெயர் நிலைத்தது. பாதைக்கு உயிர் தந்தோர் பெயரை வீட்டு நினைவுகளிலேதான் தேடவேண்டியுள்ளது.