தாம் எழுதும் சரிதையும் பிறர் எழுதும் சரிதையும்

ஒரு தலைவரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு இரு வாயில்கள் உள. ஒன்று, அவர் தாமே எழுதிய சுயசரிதை. மற்றையது, பிறரொருவர் எழுதிய வாழ்க்கை வரலாறு. தன்னைப்பற்றித் தானே கூறுபவன் புகழ்ச்சியின் பக்கம் சாய்வான் என்றும், பிறன் கூறுவதே நடுநிலையானது என்றும் நாம் பொதுவாக எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணை சரியானது என்பதைக் காந்தியடிகளின் வாழ்வையும், நம் நாட்டுச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வாழ்வையும் கொண்டு ஆராய்வோம்.

காந்தியடிகளின் 'சத்திய சோதனை' 1925 நவம்பர் தொடக்கம் 1929 பெப்ரவரி வரை 'நவஜீவன்' என்னும் குசராத்தி வார இதழில் வெளிவந்தது. அதில் அவர் தம் வெற்றிகளைக் காட்டிலும் குற்றங்களையே விரித்துரைத்தார். இளமையிற் புலால் உண்டதையும், பொன்னைத் திருடியதையும், தந்தையார் உயிர் நீங்கிய வேளையில் அருகில் இல்லாமற் போனதையும் ஒளியாது கூறினார். 1898ஆம் ஆண்டளவில் டர்பன் நகரில் நிகழ்ந்த ஒன்று இவை யாவற்றினும் கொடியது. பஞ்சமர் குலத்திற் பிறந்த எழுத்தர் ஒருவர் அவரில்லத்தில் தங்கியிருந்தார். அவருடைய சிறுநீர்க் கலத்தை அகற்ற நேர்ந்த கஸ்தூரிபாய் அம்மையார் கண்ணீர் வடித்தார். அதனை முகமலர்ச்சியோடு செய்யவேண்டுமெனச் சினந்த காந்தியடிகள், மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்பட்டார். தீண்டாமையை ஒழிக்க எழுந்தவரே தம் மனையாளுக்குக் கொடுமை செய்தார் என்பதை வேறொருவர் எழுதியிருப்பின், அவதூறு என்று நாம் தள்ளியிருப்போம். தாமே எழுதியபடியால் நம்பினோம். நம்பியபின் அவரை முன்னிலும் மதித்தோம். இது சுயசரிதைக்கே உரிய ஆற்றல்.

ஆயினும் சுயசரிதைக்கு எல்லையுண்டு. சத்திய சோதனை 1920ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரசோடு நின்றுவிடுகின்றது. 1930இன் உப்புச் சத்தியாக்கிரகமும், 1948 ஜனவரி 30ஆந் தேதி நேர்ந்த முடிவும் அதில் இல்லை. தன் இறுதியை எவரும் எழுதவியலாதன்றோ! தெண்டுல்கர் 1951 முதல் 1954 வரை எட்டுப் பாகங்களாக வெளியிட்ட வரலாறு போன்றவையே அவ்வாழ்வை முழுமையாக்கின. மேலும், தந்தையோடு மாறுபட்டுப் பிரிந்த மூத்த மகன் ஹரிலாலின் மனத்தாங்கலை அவருடைய கடிதங்களைக் கொண்டு விளக்கியவர்களும் பின்வந்த வரலாற்றாசிரியர்களே. தலைவர் காணாததை அயலார் காண்பர்.

நமக்கு நெருங்கிய சான்றும் உண்டு. சுயசரிதை வாரந்தோறும் அச்சாகிக்கொண்டிருந்த 1927 நவம்பரிலேதான் காந்தியடிகள் மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்தார். தீண்டாமையை நீக்குமாறு இந்துக்களாகிய நம்மை வேண்டினார். அவ்வருகை சத்திய சோதனையில் இடம்பெறவில்லை. உடன்வந்த மகாதேவ தேசாய் எழுதி 1928இல் வெளியிட்ட நூலே அதனை நமக்குக் காத்துத் தந்தது.

இனி, இராமநாதன் அவர்களை நோக்குவோம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாட அவர் இங்கிலாந்து சென்றார். திரும்பியபொழுது சிங்களப் பெருமக்கள் அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். அதே பெருமகன், 1928இல் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பற்றுடையோர் முன்னதை மட்டும் பேசுவர். பகையுடையோர் பின்னதை மட்டும் பேசுவர். அவருடைய விரிவான வரலாற்றை மு. வைத்திலிங்கம் அவர்கள் ஆங்கிலத்தில் இரு பாகங்களாக எழுதியமை போற்றத்தக்க பெரும்பணி. ஆனால் இராமநாதன் அவர்கள் சுயசரிதை எழுதவில்லை. அவர் மேடையிற் கூறிய காரணங்களை அறிவோம்; காந்தியடிகளைப்போலத் தம் செயலைத் தாமே திரும்பிப் பார்த்து என்ன எண்ணியிருப்பார் என்பதை அறியோம். பிறர் எழுதும் வரலாறு எவ்வளவு விரிந்தாலும் இவ்விடத்தே நின்றுவிடும்.

ஆகவே ஒன்று மற்றொன்றற்கு ஈடாகாது. சுயசரிதை உள்ளத்தைக் காட்டும். வரலாறு உலகத்தைக் காட்டும். முன்னதற்கு வேண்டுவது நாணாத உண்மை. பின்னதற்கு வேண்டுவது துதியும் பகையும் அற்ற நடுநிலை. இவற்றோடு, இரண்டிற்கும் ஏடுகள் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பின்வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளிலிருந்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் பல மறைந்தன. வருங்காலத்தில் நம்மவர் வரலாற்றை எழுதப் புகுவோர் எதனைக் கொண்டு எழுதுவர்?

புத்தூர் இளைஞர்களே, நம்மூர் முதியோரிடம் எஞ்சியிருப்பது அவர்தம் நினைவொன்றே. எழுத வல்லவரைத் தம் கதையைத் தாமே எழுதுமாறு வேண்டுங்கள்; ஏனையோர் சொல்வதைக் கேட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். நிறைவை மட்டும் எழுதாதீர்கள். ஒருவர் கோயில் திருப்பணி செய்தார் என்று எழுதுங்கால், அக்கோயில் வாயில் அந்நாளில் எவரெவருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். தம் குற்றத்தைத் தாமே ஏட்டிலேற்றியவரை உலகம் மகாத்மா என்று போற்றுகின்றது. உண்மையை எழுதுவதால் நம் பெரியோர் பெருமை குன்றிவிடாது.