நாகதீபத்துக் காசுகள் எங்கே கிடைத்தன?

உரோமரின் பிற்கால வெண்கலக் காசு பெரும்பாலும் விரல் நகமளவுதான். தேய்ந்த காசில் அரசன் முகத்தை நம்பிப் பயனில்லை. நான் பின்பக்கத்திலிருந்தே தொடங்குவேன். இரு வீரர் நடுவே இரண்டு படைக்கொடிகள் நின்றால் கி.பி. 330–335. ஒற்றைக் கொடியானால் 335–341. விழும் குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் காட்சி 348இல் வருகிறது. கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை 388இலிருந்து. அடியில் எஞ்சும் ஓரிரு எழுத்துகள் அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா என்று அக்கசாலையைச் சொல்லிவிடும். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கீறல்கள் என்றால், உள்ளூரில் அடித்த போலியோ என்று பார்க்கவேண்டும். இலங்கையில் அவையும் நிறையக் கிடைத்திருக்கின்றன.

காசு யாருடையது என்பதைவிட எங்கே கிடைத்தது என்பதே கடினமான கேள்வி. போல் ஈ. பீரிஸ் 1917, 1919ஆம் ஆண்டுகளில் அரச ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் இதழில் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களைப் பற்றி எழுதினார். தலைப்பிலேயே நாகதீபம் இருக்கிறது. அதை மட்டும் பார்த்தவர், நாகவிகாரை நிற்கும் நயினாதீவையே நினைப்பார். நானும் தீவுகளைத் தேடியே அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். உள்ளே நிலம் மாறுகிறது: பீரிஸ் காசு சேர்த்த மண் சுன்னாகத்துக்கு அருகேயுள்ள கந்தரோடை. அவருடைய நாகதீபம் குடாநாடு முழுவதும். 1936இல் வடமராட்சியில் கிடைத்த, நாகதீபத்தின் பெயர் சொல்லும் வல்லிபுரம் பொன்னேடும் அந்தப் பரந்த பொருளுக்கே வலுச்சேர்த்தது.

அதற்காகத் தீவுகளை விட்டுவிட முடியாது. கந்தரோடையைத் தொட்டு மாரியில் ஓடும் வழுக்கியாறு அராலியில் கடலேரியைச் சேர்கிறது. எதிரே வேலணை, அதே தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை. கா. இந்திரபாலா 1963இல் வெளியிட்ட நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும் என்கிறது. ஆனை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, சரக்குக் கலமானால் பாதி. உரோமக் காசுகளுக்குப் பல நூற்றாண்டு பிந்திய சான்றுதான். ஆனாலும் இவ்வளவு நுணுக்கமான சட்டம் புதிய துறைக்கு எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மதுரையிலும் கரூரிலும் கிடைத்த இதே வகைக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூலாக்கினார். கந்தரோடைக் காசுகளும் தமிழகக் கரையிலிருந்து தமிழ்த் தோணிகளில் கைமாறி வந்தவை என்றே நான் கருதுகிறேன். தீவகத்தில் தோட்டம் கொத்தும்போது பச்சைக் களிம்பேறிய காசு அகப்பட்டால், தயவுசெய்து புளிபோட்டுத் தேய்க்காதீர்கள். எஞ்சிய எழுத்தும் போய்விடும். காணியின் பெயரையும் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதையும் எழுதி, பக்கத்தில் கிடந்த ஓட்டுத்துண்டுகளோடு தொல்லியல் திணைக்களத்திடம் கொடுங்கள்.